பழைய பேரே இருக்கட்டும்

எங்கள் வீட்டு ரவுட்டருக்கு ஏழு வயது. கேபிள்காரர் ராஜமாணிக்கம் இன்டர்நெட் லைன் கொடுத்த அன்று இலவசமாக மாட்டிவிட்டுப் போனது. அதன் இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்று ஒடிந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தோம். மதியத்துக்கு மேல் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதற்காகத் தனியாக ஒரு டேபிள் ஃபேன். சித்திரை வெயிலில் நான் வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அந்தப் பெட்டி பக்கத்திலேயே சொகுசாகக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடந்திருக்காது.

என் பெயர் புகழேந்தி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. முன்பக்கம் என் மனைவி அருணாதேவியின் கடை: டீ, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கற்பூரம். பின்பக்க அறையில் நான். மூன்று வருடத்துக்கு முன்னால், மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தபோது, செங்கம் ரோட்டில் ஒரு டிராக்டர் என் பைக்கின் மேல் ஏறியது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. வீல்சேர்தான்.

முதல் பதினான்கு மாதம் கட்டிலில் கிடந்தேன். அந்த அறையின் சீலிங் ஃபேனில் எந்த இறக்கையில் எவ்வளவு தூசி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அருணா என்னைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். செத்துப் போயிருக்கலாம் என்று தினமும் நினைத்தேன். நினைத்ததை அவளிடம் சொல்லவும் செய்தேன், அது இன்னும் மோசம்.

பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் கெட்டுப்போனவர்கள் சென்னையில் இருக்கும் எங்கள் கம்பெனியைக் கூப்பிடுவார்கள். அந்த போன் இன்டர்நெட் வழியாக என் லேப்டாப்புக்கு வரும். அவர்கள் திட்டுவார்கள், நான் சிரமத்துக்கு வருந்துவேன், புகாரைப் பதிவு செய்வேன். மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு ஒன்பது வரை ஷிஃப்ட். பன்னிரண்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வீல்சேரில் உட்கார்ந்துவிடுவேன். என்னை யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சட்டை வேண்டும். நான் வெளியே போக முடியாது, என் குரல் போய்விட்டு வந்தது. திண்டிவனம், தேனி, தூத்துக்குடி என்று ஒரு நாளைக்கு எழுபது வீட்டுக்குப் போய்வந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு விதி. ஷிஃப்ட் நடக்கும்போது லைன் அறுந்து போகக் கூடாது. முப்பது நாளுக்குள் மூன்று முறை அறுந்தால் கம்ப்யூட்டரே நம் ஐடியை மூடிவிடும். மூடினால் மூடியதுதான், மனுப் போட்டுக் கெஞ்சக்கூட ஆள் கிடையாது. சித்திரை பிறந்து இரண்டு வாரத்துக்குள் பழைய ரவுட்டர் இரண்டு முறை என் காலை வாரிவிட்டது. எங்கள் டீம் லீடர் அறிவுமதி போன் செய்தார். நல்ல பெண். என்னைவிட அவருக்குத்தான் அதிகப் பதற்றம்.

"என் கையில ஒண்ணுமே இல்லைங்க புகழ். இன்னொரு தடவ மட்டும் விட்றாதீங்க" என்றார்.

அடுத்த பத்தாவது நாள் சித்ரா பௌர்ணமி. பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் செல்போன் டவர் படுத்துவிடும். லட்சக்கணக்கான பேர் மலையைச் சுற்றுகிறார்கள், அத்தனை பேர் கையிலும் போன். ஒரு மெசேஜ் போகாது, ஒரு போட்டோ போகாது. வயர் வழியாக வரும் எங்கள் வீட்டு லைன் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். வழக்கமாகப் பௌர்ணமி அன்று அறிவுமதி எனக்கு வார விடுமுறை போட்டுவிடுவார். இந்த முறை முடியவில்லை. ஏசி ரிப்பேர் சீசன், யாருக்கும் லீவு இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். டவுனில் ஒரு ரூம் எடுத்துப் போய்விடலாம் என்றாள் அருணா. சித்ரா பௌர்ணமிக்கு லாட்ஜில் ரூம், அதிலும் வீல்சேர் நுழைகிற பாத்ரூமோடு. ஏழு லாட்ஜுக்கு போன் போட்டாள், எட்டாவது ஆள் சிரித்தே விட்டான். விட்டுவிட்டோம்.

பௌர்ணமியும் வைஃபையும் என்றால் அருணாவின் அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டவர் படுத்துவிட்டால் பக்தர்களால் போனில் பணம் கட்ட முடியாது. இப்போது யார் சில்லறை கொண்டுவருகிறார்கள்? டீயைக் குடித்துவிட்டுப் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமியில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பால் வாங்கிவிட்டுப் பணம் போகாமல் அழுதிருக்கிறாள். அன்று அருணா ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, எங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டாள். 'அருணா ஸ்டோர். அண்ணாமலை123.' அதிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அந்த அட்டை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அதையே கைகாட்டினார்கள். வளையல் விற்கிறவர், இளநீர் வெட்டுகிறவர் எல்லோருக்கும் எங்கள் வீட்டு இன்டர்நெட்தான். அவளுக்கு அதில் பெருமை. ஊருக்கெல்லாம் அன்னதானம் போடுகிறார்கள், நாம் இதைப் போடுகிறோம் என்பாள். எனக்கு அன்று விடுமுறை என்பதால் நான் முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இந்த முறை அதை மாட்ட வேண்டாம் என்று சொல்ல நான் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நடக்கும் வியாபாரம்தான் கடைக்கு அந்த மாசத்து உயிர்.

முதலில் ரவுட்டர். தேரடி வீதியில் போன், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நசீர் அகமது பாயை ரெப்பாகச் சுற்றிய காலத்திலிருந்தே தெரியும். போன் போட்டேன். என் கையில் இருந்தது வீல்சேருக்குக் காற்று மெத்தை வாங்க வைத்திருந்த பணம். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பின்பக்கம் புண் வரத் தொடங்கியிருந்தது, டாக்டர் கட்டாயம் வாங்கச் சொல்லியிருந்தார். புதுசாக நல்லது வாங்க அது போதாது. விலை கம்மியாக இருப்பதை பாய் எனக்குக் கொடுக்க மாட்டேன் என்றார், அது இன்னொரு தலைவலி என்று. ரமணாசிரமம் பக்கம் ஒரு கஃபேயை மூடிவிட்டுப் போனவர்கள் கொடுத்த ரவுட்டர் ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், ஆறு மாதம்தான் ஓடியது என்றும், அதைப் பாதி விலைக்குத் தருவதாகவும் சொன்னார். மெத்தை அடுத்த மாதம் என்று முடிவு செய்தேன். புண்ணும் அதுவரை பொறுத்துக்கொள்ளட்டும்.

பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்னால் பாய் தன் ஸ்கூட்டரில் தானே கொண்டுவந்தார். நாலு ஆன்டெனா. ரோட்டுக்கு அந்தப் பக்கம்கூட சிக்னல் போகும் என்றார். பழைய பெட்டியைக் கழற்றி எடுத்தபோது சுவரில் அதன் அளவுக்குக் கறுப்புத் தடம். புதிய பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக ஒரு வயரையும் இழுத்து மாட்டினார். காற்றில் வருவதை நம்பாதே, வயர் என்றால் உனக்குத் தடங்கலே வராது என்றார்.

அன்று காலையில்தான் அது நடந்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே அருணா அந்த அட்டையைக் கடையிலிருந்து எடுத்துவந்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பக்கத்துக் கடைகளுக்கும் போய், இந்த பௌர்ணமிக்கு வைஃபை கிடையாது, வீட்டுக்காரருக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வியாபாரத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். சில்லறை இருக்கிறவங்க வாங்கட்டும் என்று சொல்லிவிட்டு டீத்தூள் டப்பாவைத் தேடப் போய்விட்டாள். மூன்று வருடமாக என்னைத் தூக்கி, துடைத்து, திட்டு வாங்கியவள். அவளுக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அந்த நினைப்போடு இருந்தபோதுதான் பாய் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பேரு, பாஸ்வேர்டு எல்லாம் புதுசா போடவா தம்பி, பழசே இருக்கட்டுமா? பழசே போட்டா எல்லா போனும் தானா சேர்ந்துக்கும். ஒவ்வொண்ணா மாத்திக்கினு இருக்க வேணாம்."

கடையில் பணம் வந்தால் கத்துகிற ஸ்பீக்கர் பெட்டி ஒன்று உண்டு. பௌர்ணமிக்கு டவர் படுத்துவிடும் என்று வைஃபையில் ஓடுவதாகக் கேட்டு வாங்கியது. அதை முதன்முதலில் இணைக்க அருணா இரண்டு நாள் டவுனுக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். பெயரை மாற்றினால் திரும்பவும் அந்த அலைச்சல். அவளுக்கு அதை மிச்சப்படுத்த நினைத்தேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

"பழைய பேரே இருக்கட்டும் பாய். பாஸ்வேர்டும் அதுவே இருக்கட்டும்."

முன்னால் கடையில் ஸ்பீக்கர் பெட்டி தானாக உயிர் பெற்று ஒரு முறை கூவியது. வாசற்படியில் டீயோடு நின்ற அருணா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நான் கணக்குப் பார்த்தேன்.

நாலு நாள் லைன் பட்டுப் போல ஓடியது. டேபிள் ஃபேன் என் பக்கம் திரும்பியது. பெரிய மனிதனாகிவிட்ட மாதிரி இருந்தது.

பௌர்ணமி அன்று பன்னிரண்டு மணிக்கு லாகின் செய்தேன். ஜன்னல் வழியாக ரோடு தெரியும். இரண்டு மணிக்கெல்லாம் கூட்டம் வரத் தொடங்கியது. நாலரைக்கு ரோடு தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. கால்கள் எல்லாம் சேர்ந்து உரசும் சத்தம் ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது. அவ்வளவு கால்கள். நான் ஜன்னலைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தேன்.

ஐந்தே காலுக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா. ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, இட்லி மாவு பொங்கி வழிகிறது, நாளைக்கு வீட்டில் விசேஷம். நான் வருந்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவின் குரல் துண்டு துண்டாக உடைந்தது. "அலோ... தம்பி... கேக்குதா..." ரவுட்டரைப் பார்த்தேன். எல்லா விளக்கும் வெறி பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. வயர் சரியாகத்தான் செருகியிருந்தது. கரண்ட் இருந்தது. வெளியிலிருந்து வரும் லைனுக்கான விளக்கும் பச்சையாக இருந்தது.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஹெட்போன் மைக்கைப் பொத்திக்கொண்டு கத்தினேன். அருணா ஈரக் கையோடு ஓடி வந்தாள். அட்டையைத் திரும்ப மாட்டிவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் நம்பவில்லை. ரெண்டு பாட்டில் தண்ணி விக்கிறதுக்கு என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியா என்று கேட்டேன். கடையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அந்த அட்டையை இழுத்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தள்ளிவைத்த அன்றிலிருந்து படிந்த தூசி அதில் அப்படியே இருந்தது.

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை லேப்டாப்பில் திறந்தேன். பாய் சொல்லிக் கொடுத்திருந்தார். அது திறக்க ஒரு யுகம் ஆனது. திறந்ததும், யார் யார் போனெல்லாம் இணைந்திருக்கிறது என்ற பட்டியல் வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு போன், ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு லேப்டாப். பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. 'ராமன்.' 'வல்லரசு டிராவல்ஸ்.' 'அம்மா போன்.' 'குட்டிமா.' 'சேலம் முருகேசன்.' இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். நான் பார்க்கும்போதே சிலது அணைந்தது, அதைவிட அதிகமாகப் புதிதாக முளைத்தது. ரோட்டில் அவர்கள் நடக்க நடக்க, பட்டியலும் நடந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அட்டையை ஒளித்துவிட்டோம், ஆனால் போன்களுக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருடமாக மாதாமாதம் சுற்ற வருகிறவர்கள், ஒரு முறை எங்கள் கடையில் டீ குடித்தவர்கள், அவர்கள் போனைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு. வீட்டைக் கடக்கும்போது தானாகச் சேர்ந்துகொண்டன, பாய் சொன்ன மாதிரியே. டவர் இல்லாமல் மணிக்கணக்காகத் தேக்கி வைத்திருந்த போட்டோவையும் வீடியோவையும் எங்கள் வீட்டு வழியாக அனுப்பின. அந்தச் சின்னப் பெட்டிக்கு மூச்சு முட்டியது. வயர் போட்டால் என்ன, பெட்டியே திணறினால் வயர் என்ன செய்யும். கழற்றி எறிந்த கிழட்டுப் பெட்டிக்கு அக்கம்பக்கத்துக் கடைகள் வரைதான் எட்டும். புதியதற்குத்தான் ரோட்டைத் தாண்டி எட்டியது.

பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தேன். அந்தப் பக்கம் திறக்கவில்லை, வட்டம் மட்டும் சுற்றியது. ரவுட்டரையே அணைத்துப் போட்டால் அந்த நொடியே லைன் போய்விடும். எல்லார் போனும் சேர்ந்திருக்கு அருணா, அதை அவங்கதான் கட் பண்ணணும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் ரோட்டுக்கு ஓடிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, வைஃபையை அணைத்துவிடுங்கள் என்று கும்பிட்டாள், கெஞ்சினாள். கையில் இன்னும் அந்த அட்டை இருந்தது. எதைச் சொல்கிறாள் என்று தெரியட்டும் என்று அதைத் தூக்கிக் காட்டினாள். அந்த இரைச்சலில் அவள் குரல் யாருக்குக் கேட்கும்? எழுத்துதான் தெரிந்தது. வைஃபை கொடுக்கிறாள் என்று நினைத்தார்கள். நின்று, படித்து, போனை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வேண்டாம் என்று நான் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. பிரேக்கை எடுத்து வீல்சேரை உருட்டினேன். கதவுப் படி வரைதான் போக முடிந்தது. அந்தப் படியில் ஒரு சரிவு போட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். திரும்பி வந்தபோது திரையில் எழுதியிருந்தது, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று. மணி ஐந்து முப்பத்தெட்டு. திண்டுக்கல் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அருணா திரும்பி வந்து கதவருகில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கடையில் யாரோ, அக்கா, ரெண்டு டீ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பணம் கட்டத் துளி இன்டர்நெட் போதும் போல, ஸ்பீக்கர் பெட்டி விடாமல் பணம் வந்ததைக் கத்தியது. அவ்வளவு நல்ல வியாபாரம் எங்களுக்கு எந்தப் பௌர்ணமியிலும் நடந்ததில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குள் ரோடு காலியானது. குப்பை வாருகிறவர்கள் வந்து போனார்கள். பட்டியலில் எங்கள் போன்கள் மட்டும் மிஞ்சின. ரவுட்டர் அருமையாக வேலை செய்தது. கம்பெனி மெயில் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது, இரண்டே வரி: என் ஐடி மூடப்பட்டது. அறிவுமதி போன் செய்து வருந்தினார்.

அருணா எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். பழக்கத்தில் இஸ்திரிச் சட்டையையும் எடுத்துப் போட்டுவிட்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ராத்திரி முழுக்க, நான் ஏன் அந்த அட்டையை எழுதினேன் என்றே புலம்பியிருந்தாள். அந்தப் பழியை அவளிடமே விட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அவ்வளவு கேவலமானவன் நான்.

"நீ இல்ல அருணா. பழசே இருக்கட்டும்னு பாய்கிட்ட சொன்னது நான்தான். அத மாத்தச் சொல்லியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"தெரியுங்க. வாசப்படியில நின்னு கேட்டுக்கினுதான இருந்தேன்" என்றாள். கஞ்சியைக் கலக்கினாள். "எனக்காகத்தான் சொன்னீங்கன்னு அன்னிக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு, அந்த அட்டை எங்கே என்று கேட்டேன். நேற்றே கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். வேறு ஒன்று எடுத்துவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள்.

"அடுத்த பௌர்ணமிக்கு மாட்டணும். இனிமே எனக்கு இன்டர்நெட் எதுக்கு? கடையாவது நடக்கட்டும்."

அவள் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெரிய எழுத்தில், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி எழுதினேன். அதே பெயர், அதே பாஸ்வேர்டு.

எழுதி முடித்ததும் என்னைக் கட்டிலில் படுக்க வைக்கச் சொன்னேன். அவள் என் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலி மேல் வைத்தாள். பன்னிரண்டு அடித்தபோது நான் மல்லாந்து கிடந்தேன். ஃபேனின் மூன்று இறக்கைகளிலும் தூசி நிறையச் சேர்ந்திருந்தது. வேலை கிடைத்த பிறகு நான் அதைக் கவனிக்கவே இல்லை.